சம்பூர்ணத்தின் கைக்கு ஏற்ற தோட்டா

ஜூன் 2

இன்று காலை முதல் முறையாக ஈயம் உருக்கினேன். கார் நிறுத்தும் கூரைக்கு அடியில், வெயில் ஏறுவதற்கு முன்பே. அரிசோனாவில் ஜூன் மாதம் ஒன்பது மணிக்கு மேல் நெருப்புப் பக்கம் நிற்கிறவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அர்த்தம். சம்பூர்ணத்தைக் கேட்டால், ஒன்பது மணிக்கு முன்னால் நிற்கிறவனுக்கும் அதேதான் என்பாள்.

வார்ப்பு வேலையில் இறங்கினால் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது என் பழக்கம். கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் தொடங்கி இங்கே தாமிரச் சுரங்கத்தில் ஓய்வு பெறும் வரை அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இந்த நாட்குறிப்பு.

விஷயம் இவ்வளவுதான். என் மனைவி சம்பூர்ணம் கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் ரைஃபிள் சுட்டவள். கல்யாணம், பிள்ளை, வெளிநாடு என்று எல்லாம் மறந்து கிடந்தவளை, என்னோடு சுரங்கத்தில் கிரேன் ஓட்டிய ரூபென் ஒரு நாள் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். அன்று அவள் சுட்டதைப் பார்த்து அங்கிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்கள். மறு மாதமே அவள் கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தேன். கிளப்பின் அக்டோபர் போட்டியில் அன்றிலிருந்து அவளை யாரும் அசைக்கவில்லை.

இந்த வருஷம் குண்டுகள் தாளில் சிதறுகின்றன. கடைத் தோட்டா அவள் கைக்கு முரடாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. மெதுவாக உதைக்கிற தோட்டாவாக நானே செய்து கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். அக்டோபருக்கு நிறைய நேரம் இருக்கிறது.

ஜூன் 5

அச்சு சூடேறாமல் ஊற்றினால் குண்டில் சுருக்கம் விழுகிறது. அதிகம் சூடேறினால் மேலே பனி படிந்த மாதிரி வெளுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல வேளை வருகிறது. அப்போது அச்சைத் தட்டித் திறந்தால் குண்டு ஒவ்வொன்றும் மடித்த துண்டின்மேல் சத்தமில்லாமல் விழுந்து கிடக்கும். தொட்டால் சுடும், பார்த்தால் அப்படித் தெரியாது. அந்த நேரத்தில் என்னை யாராவது கூப்பிட்டால் எனக்குக் காது கேட்பதில்லை.

உருகிய ஈயத்தில் அழுக்கு பிரிய மெழுகு போடுவது உண்டு. வீடு முழுக்கப் புகை நாறும். ஊதுவத்திக்கே ஜன்னலைத் திறக்கிறவள் சம்பூர்ணம். இன்று காப்பியோடு வந்து, புகைக்கு நடுவில் நின்று, துண்டின்மேல் கிடந்த குண்டுகளைப் பார்த்தாள்.

"பால் பல்லு மாதிரி இருக்குதுங்க மாமா."

"புகை அடிக்குது, அக்கட்டால நில்லு."

"புகையா? எனக்கொன்னும் தெரியிலீங்களே."

பழகிவிட்டாள் போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் என் தொழிலுக்கு அவள் காட்டிய முதல் சலுகை இது. இரண்டாவது காப்பியும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜூன் 11

சுடுதளம். என் முதல் தோட்டாக்கள்.

தாளில் குண்டுகள் ஊரெல்லாம் சுற்றியிருந்தன. அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது சுட்டதும் பிஸ்டல் திக்கிக்கொண்டது. சுட்ட பிறகு மேல்பாகம் பின்னால் போய்க் காலி உறையை வெளியே தள்ளிவிட்டு வர வேண்டும். அது பாதியில் நின்றுவிட்டது, பித்தளை உறை வாயில் கவ்விய பீடி மாதிரி நிமிர்ந்து நின்றது. சம்பூர்ணம் அதைத் தட்டிவிட்டு மறுபடி சுட்டாள். மறுபடி திக்கியது.

"வெடிமருந்து பத்தவில்லை, அடுத்ததில் கொஞ்சம் ஏற்றுகிறேன்" என்றேன்.

ரூபென் பக்கத்து மேஜையில் இருந்தார். தாடியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "முத்து, இந்தச் சின்னப் பிஸ்டலெல்லாம் மணிக்கட்டு தளர்ந்தா இப்படித்தான் செய்யும். தோட்டாவைக் குத்தம் சொல்ல முடியாது."

"சம்பூர்ணத்தின் மணிக்கட்டா? அவள் மாவாட்டிய கை" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 12

ரூபென் நல்ல மனிதர். ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

ஜூன் 23

கலவையை மாற்றினேன். ஈயம் அதிகம், வெள்ளீயம் குறைவு, அதனால் குண்டு மிருதுவாகும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அதுதான் இந்த வேலையின் சட்டம். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்: அதே பிஸ்டல், அதே தூரம், அதே கை.

வெளியே கிளம்பும்போது கண்ணாடி முன் ரொம்ப நேரம் நின்றிருந்தாள். போய்ப் பார்த்தால் தோட்டின் திருகாணி பிடிபடாமல் தரையில் விழுந்து கிடந்தது. நான் தேடியெடுத்து மாட்டிவிட்டேன். திருகாணி தேய்ந்திருக்க வேண்டும், பழைய நகை. அவள் காதோரத்தில் வெள்ளை முடி எவ்வளவு மெலிசு. கல்யாணமான புதிதில்கூட நான் அவளுக்குத் தோடு மாட்டிவிட்டதில்லை என்று சொன்னேன்.

"அப்பவெல்லாம் கேட்டாலும் வந்திருக்க மாட்டீங்க" என்றாள்.

புதுக் கலவையும் சிதறுகிறது. கொஞ்சம் குறைவாகச் சிதறுகிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை 4

அமெரிக்கச் சுதந்திர தினம், ஊரில் வாணவேடிக்கை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். மலைக்கு மேலே பச்சையும் சிவப்புமாகப் பூத்து உதிர்ந்தது. சம்பூர்ணம் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள். குளிர்கிறதோ என்னவோ. எனக்கு வியர்வையில் சட்டை நனைந்துபோயிருந்தது.

ஜூலை 17

முதல் மழை.

இந்தப் பாலைவனத்தில் மழை வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும். காட்டுப் புதர்களின் பிசின் நனைந்து, மருந்துக்கடையும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு மணம் ஊருக்குள் நடந்து வரும். சுரங்கத்தில் இருந்த காலத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்குவோம். வீட்டில் சம்பூர்ணம்தான் எப்போதும் முதலில் சொல்வாள். துணி எடுக்க ஓடிக்கொண்டே, "வந்துருச்சு, வந்துருச்சு" என்பாள். மேகம்கூடக் கூடியிருக்காது.

இன்று அந்த மணம் வீட்டுக்குள்ளேயே வந்து நிறைந்தது. நான் தோட்டா அழுத்தும் நெம்புகோலை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. தூக்கத்தில் கண் திறந்திருப்பவர்கள் மாதிரி இருந்தாள்.

"ஏம்புள்ள, துணி எடுக்கலியா?"

"ஏனுங்க?"

அதற்குள் கூரையில் மழை கொட்டியது. நானே ஓடிப்போய்த் துணியை எடுத்தேன். பாதி நனைந்துவிட்டது. சளி பிடித்திருக்கும், ஏ.சி.யில் படுக்காதே என்றால் கேட்பதில்லை.

மழை நின்றதும் நடக்கப் போனோம். தெரு முழுக்க வானம் கிடந்தது. அவள் குட்டைகளைத் தாண்டாமல் சுற்றிச் சுற்றி நடந்தாள். இடது கை வீசி நடந்தாள். வலது கை பக்கத்தில் அப்படியே இருந்தது. புதுச் செருப்பு வாங்க வேண்டும், பழையது வழுக்குகிறது.

ஜூலை 30

மகள் தேன்மொழி சியாட்டிலிலிருந்து பேசினாள்.

"அப்பா, ஆறாம் தேதி அம்மாவுக்கு நியூராலஜிஸ்ட்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். போறீங்கதானே?"

"அந்த வாரம் குண்டின் அளவு திருத்தும் அச்சு வருது. கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

"அப்பா."

"தள்ளி வெச்சா ஒண்ணும் குடி முழுகாது, கண்ணு. சளி. கைவலி. அவ்வளவுதான்."

"வீடியோவுல அம்மா கையை நான் பாத்தேன்ப்பா."

"உன் இண்டர்நெட் ஒழுங்கா இல்ல. படம் விட்டு விட்டுத்தான் வருது" என்றேன். அவள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அடுப்பு பற்ற வைக்காமலேயே ஈயச் சட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். ஆறிப்போன ஈயத்தின் மேல்பக்கத்தில் முகம் தெரியாது.

டாக்டருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிப்போட்டது நான்தான். அச்சுக்காக.

ஆகஸ்ட் 9

அளவு திருத்தியாயிற்று. குண்டுக்குப் பூசும் மெழுகை மாற்றியாயிற்று. உறைக்குள் குண்டு இறங்கும் ஆழத்தை மாற்றியாயிற்று. சிதறல், திக்கல். சிதறல், திக்கல்.

மத்தியானம் சும்மா படுத்திருந்தபோது சட்டென்று ஒன்று தோன்றி எழுந்து உட்கார்ந்தேன். ஈயம்! ஈயம் உடம்பில் சேர்ந்தால் அசதி, மறதி, கைவலி எல்லாம் வரும் என்று ஃபவுண்டரியில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். நான் புகைக்குப் பக்கத்தில் அவளை நிற்க விட்டேன். நான்தான் காரணம். என் மடத்தனம்தான். ஈயம் என்றால் மருந்து உண்டு, இறங்கிவிடும். சட்டியைத் தூக்கி எறிந்தால் தீர்ந்தது.

எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எழுந்துபோய் இரண்டு பேருக்கும் காப்பி போட்டேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது. அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.

நாளைக்கே இரத்தம் கொடுத்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 14

சோதனை முடிவு வந்துவிட்டது. இருவருக்கும் ஈயம் இல்லை. இருக்கக்கூடிய அளவுக்கும் கீழே.

"மூஞ்சி ஏனுங்க இப்படி ஆயிருச்சு?" என்று கேட்டாள் சம்பூர்ணம். "நல்ல சேதிதானுங்களே?"

நல்ல சேதிதான். பெண்டாட்டி இரத்தத்தில் விஷம் இல்லை என்று தெரிந்து ஏமாந்துபோன ஆளை ஆஸ்பத்திரி நர்ஸ் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டாள். மறுபடி ஒரு தரம் சோதிக்கலாமா என்று கேட்டேன். இயந்திரம் தப்பாகக் காட்டாதா என்று கேட்டேன். நர்ஸ் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

ஆகஸ்ட் 28

பகல் தூக்கத்தில் ஒரு கனவு. கோயம்புத்தூரில் ஒரு மைதானம், வரிசையாகத் தென்னை. காக்கி உடுப்பில் ஒரு பெண் தரையில் குப்புறப் படுத்து ரைஃபிளைத் தோளில் வைத்திருக்கிறாள். அந்த வயதில் அவளை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அடையாளம் தெரிகிறது. அவளைச் சுற்றி எல்லாம் மிதக்கிறது. தென்னைகள், மேகம், குறிப்பலகை எல்லாம் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி மெல்ல ஆடுகின்றன. அவள் மட்டும் ஆடவில்லை. ரைஃபிள் முனையில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்து தூங்கிப்போகிறது. நான் மூச்சுக்கூட விடாமல் நிற்கிறேன்.

விழித்தபோது நாலு மணி வெயில் சுவரில் இருந்தது. அடுத்த அறையில் அவள் எதையோ கீழே போட்டாள். ஸ்பூன் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே ஸ்பூன்.

எழுந்து போகவில்லை. அந்தக் கனவிலேயே இன்னும் கொஞ்சம் இருக்கப் பார்த்தேன்.

செப்டம்பர் 6

பிஸ்டலின் சுருள்வில்லை மாற்றினேன். இளகின வில். இனி திக்க வாய்ப்பே இல்லை.

திக்கியது.

சம்பூர்ணம் பிஸ்டலை மேஜையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ரூபென் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மணல்மூட்டையில் வெச்சு ஒரு தரம் சுட்டுப் பார்த்தியா? தோட்டா செய்யறவன் முதல்ல செய்யற காரியம் அதுதானே? கையை விலக்கிட்டு, தோட்டாவை மட்டும் பாக்கறது."

எனக்கு என்ன வந்ததோ, கத்திவிட்டேன். பிஸ்டல் அவளுடையது, தோட்டா அவள் கைக்கு, மணல்மூட்டை என்ன போட்டிக்கு வருகிறதா என்று கத்தினேன். சுடுதளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காதில் அடைப்பான் போட்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

ரூபென் கோபப்படவில்லை. என் தோளில் கையை வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனார். அதைவிட அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரில் திரும்பினோம். தூரத்து மலை கானல்நீரில் தரையை விட்டு எழும்பி, அடியில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

செப்டம்பர் 13

காலையில் நான் சட்டியை எடுக்கப் போனபோது சம்பூர்ணம் ஏற்கெனவே கிளம்பி நின்றாள். இதுவரை நான் செய்த தோட்டாப் பெட்டிகள் எல்லாம் ஒரு பைக்குள் இருந்தன.

"வாங்க மாமா, போலாமுங்க."

"புதுசு இன்னும் தயாராகலியே."

"இருக்கறது போதுமுங்க."

சுடுதளத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. அவள் நேராக அலமாரிக்குப் போய் மணல்மூட்டையை எடுத்து மேஜைமேல் போட்டாள். பிஸ்டலை அதன்மேல் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினாள்.

"உக்காந்து சுடுங்க."

"நானா? எனக்கு ஆனையைக் கட்டி வெச்சாலும் குறி தப்பும், உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. அதுக்குத்தான் உங்களைச் சுடச் சொல்றேன்."

மாட்டேன் என்று சொல்லப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பைக்குள் பார்க்காமலேயே கையை விட்டு, கைக்கு வந்த பெட்டியை எடுத்து வைத்தாள். உட்கார்ந்தேன். மணலில் மணிக்கட்டை ஊன்றி, கற்றுக்கொடுத்த மாதிரி மூச்சை நிறுத்தி, விசையை இழுத்தேன். ஐந்தும் சுட்டேன். ஒன்றுகூடத் திக்கவில்லை. அடுத்த பெட்டி. அதற்கடுத்த பெட்டி. மிருதுவான கலவை, கடினமான கலவை, பழைய மெழுகு, புது மெழுகு எல்லாம். பிஸ்டல் பூனைக்குட்டி மாதிரி அடக்கமாக வேலை செய்தது.

தாளை எடுத்துவர அவளே நடந்து போனாள். வெயிலில் அவ்வளவு தூரம் போய், அவ்வளவு தூரம் திரும்பி வந்தாள். நான் நாற்காலியிலேயே இருந்தேன். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே ஓடுவது, கார் சாவி அவளிடம் இருந்தது.

தாளை என் மடியில் வைத்தாள். ஐந்தைந்து குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு எலுமிச்சம்பழத்தால் மூடிவிடக்கூடிய இடத்தில் இருந்தன. நான் சுட்டது! ஃபவுண்டரியில் என் வார்ப்பை யாராவது இப்படிப் பார்த்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள்.

"தோட்டா நல்லாருக்குதுங்க மாமா" என்றாள். "எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்க. பிஸ்டலும் நல்லாருக்குது. இனி மாத்தறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத்தனை நாளா நீங்க ஈயச் சட்டிகிட்டயே நின்னீங்க. சரி, மனுசன் ஏதோ செஞ்சிட்டிருக்கட்டும்னு நானும் சுட்டுட்டு இருந்தனுங்க. ஆனா எனக்குப் பயமா இருக்குது. இந்த வீட்ல நான் ஒருத்தியா உக்காந்து பயந்துட்டு இருக்கேன். போட்டி கெடக்குது போங்க. டாக்டர்கிட்ட நீங்க எங்கூட வரோணும்."

அவள் குரல் உடைந்தது அப்போதுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையாவது கேட்டு நான் கவனித்திருக்கிறேனா என்று தெரியவில்லை. கேட்டதே இல்லையோ என்னவோ.

எழுந்து நின்றேன். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அவள் சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள், யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே.

செப்டம்பர் 14

டாக்டருக்குப் போன் செய்தேன். ரூபெனுக்கும்.

செப்டம்பர் 22

ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் மலையில் இடித்துக்கொண்டு நின்றன.

டாக்டர் இளம் பெண், பேத்தி வயது இருக்கும். சம்பூர்ணத்தை விரல்களைத் தட்டச் சொன்னார், கையைத் திருப்பச் சொன்னார், கதவு வரை நடந்து திரும்பச் சொன்னார். நான் இந்த முறை கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன்.

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று சொன்னார், வாசனை தெரியாமல் போனதும் அதனால்தானாம். குணமாகாது, ஆனால் மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு, இப்போதே வந்தது நல்லது, இன்னும் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்றார். துப்பாக்கி சுடலாமா என்று சம்பூர்ணம் என் மூலமாகக் கேட்டாள். டாக்டர் தன் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்து, மாத்திரை பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம் என்றார். சம்பூர்ணம் சரி என்று தலையாட்டினாள்.

பிறகு டாக்டர் கணினியில் எழுதிக்கொண்டே கேட்டார்: முதலில் எப்போது தெரிந்தது?

"மே மாசமுங்க" என்று சம்பூர்ணம் தமிழில் என்னிடம் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் சொல்லட்டும் என்று. "மே கடைசி. அரிசி களையறப்போ."

நான் வாயைத் திறந்தேன். மே என்று சொல்லிவிட்டால் போதும். டாக்டருக்கு அது போதும், சம்பூர்ணத்துக்கும் போதும்.

"பிப்ரவரி" என்றேன். "பிப்ரவரி முதல் வாரம். பேப்பர் படித்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தாள். மடியில் இருந்த கை மட்டும் தூங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்."

டாக்டர் பிப்ரவரி என்று எழுதிக்கொண்டார்.

சம்பூர்ணத்துக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். என் பக்கம் திரும்பி, யாரோ ஒருவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரியும்."

"அப்பயிருந்து நீங்க ஒருத்தராவே மனசுக்குள்ள வெச்சிருந்தீங்களா மாமா?"

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டு, வலது கையை எடுத்து என் கைக்குள் வைத்தாள். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வீடு வந்து சேரும்வரை நான் அதை விடவில்லை. ஒரு கையாலேயே வண்டி ஓட்டினேன், அவள் என் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தாள்.